நொய்யடுக்கு, பாளம், பரவுமுறிவு: பனிச்சரிவுக்குச் சில சொற்கள்

வணக்கம்.

'பனிச்சரிவு' என்ற சொல்லை இனி யாரும் மாற்ற முடியாது. செய்தித்தாள்கள் அதை நிலைநாட்டிவிட்டன. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மலையேறுகிறவருக்கு ஒரு பக்கம்கூடத் தெளிவாக எழுத முடியவில்லை. மலையின் சாய்ந்த பக்கமும் சரிவு, அதிலிருந்து பனி பெயர்ந்து விழுவதும் சரிவு. '30 முதல் 45 பாகை வரையுள்ள பனிச்சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம்' என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று, வெவ்வேறு நிகழ்வுகள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடப்பது. 2016 பிப்ரவரி 3இல் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள், நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். காவல்நிலையின் மேல் விழுந்தது பெரும் பனிக்கட்டிச் சுவர் என்றது ராணுவம். 2021 பிப்ரவரி 7இல் சமோலிக்கு மேலே ரோந்தி சிகரத்திலிருந்து பெயர்ந்தது ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும். அதில் பெரும்பங்கு பாறை. நம் செய்திகளில் முதலாவது 'பனிச்சரிவு', இரண்டாவது 'பனிப்பாறை உடைந்தது'. குல்மார்க்கில் கோண்டோலாவில் அபர்வத் வரை ஏறி, பனிச்சறுக்குக் காவலர் கண்காணிக்கும் எல்லைக்கு வெளியே சறுக்கப் போகிறவரைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டும் அல்ல. பலகைபோல் இறுகிய பனி, தன் அடியிலிருக்கும் பலமற்ற அடுக்கு முறிந்ததும் மொத்தமாகப் பெயர்ந்து வழுக்கும். அதைக் கிளப்பிவிடுபவர் அநேகமாக அதில் சிக்குகிறவரோ, அவர் கூட வந்தவரோதான்.

ஆகவே முன்மொழிவு. நிலத்துக்குச் 'சாய்வு', நிகழ்வுக்கு மட்டும் 'சரிவு'. இறுகிய பனித்தகட்டுக்குப் 'பாளம்'. கோடையில் ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறது என்கிறோமே, அதே பாளம். அது பெயர்ந்தால் பாளச்சரிவு. ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல் விரிந்து இறங்கும் தளர்ந்த பனிக்கு உதிர்சரிவு.

வம்பு பிடித்தது அந்தப் பலமற்ற அடுக்கு. பலவீன அடுக்கு, மெலிவடுக்கு, நலிந்த படலம் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் பிழையில்லை, மூன்றும் எதையும் கண்முன் காட்டவில்லை. நான் சொல்வது 'நொய்யடுக்கு'. நொய் என்றால் குருணை. நொய்ம்மை என்றால் வலுவின்மை. இரண்டும் இங்கே பொருந்தும். தரை பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும். மேல்பரப்பு குளிரில் விறைத்திருக்கும். வெப்ப வேறுபாடு 10 செ.மீ. கனத்துக்கு 1 டிகிரியைத் தாண்டினால் நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்களின் இணைப்புகளை அரித்து, அவற்றைக் கோணக்கோணமான மணிகளாக்கிவிடும். மேல்பரப்பு மைனஸ் 12 என்று வையுங்கள். பனி 80 செ.மீ. கனமானால் 10 செ.மீ.க்கு 1.5 டிகிரி: மணி உண்டாகும். 2 மீட்டர் கனமானால் 0.6தான்: துகள்கள் ஒட்டிக்கொண்டு வலுப்பெறும். மெல்லிய பனியே ஆபத்தான பனியாவது இப்படித்தான். லடாக் போலக் குளிர் மிகுந்து பனி குறைந்த இடங்களில் அடித்தட்டே முழுக்க நொய்யாகிவிடும். கையில் அள்ளிப் பிசைந்தால் உருண்டை பிடிக்காது, விரலிடுக்கில் வழிந்துவிடும்.

———

> நான் சொல்வது 'நொய்யடுக்கு'.

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. எல்லா இடத்திலும் செல்லாது. எல்லாப் பலமற்ற அடுக்கும் மணிமணியாக இருப்பதில்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடிகாலையில் தலைக்குந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிறதே, அந்த உறைபனியை எடுத்துக்கொள்ளுங்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது, ஈரக்காற்று நேரே பனியாகப் படிகிறது. இமயத்திலும் அதேதான், புல்லுக்குப் பதில் பழைய பனி. அங்கே இறகுபோல ஒரு செ.மீ., அதற்கு மேலும் செங்குத்தாக வளரும். அடுத்த பனி காற்றில்லாமல் மெல்ல இறங்கி மூடினால் இறகுகள் நின்றபடியே புதையும். மேலிருந்து வரும் பாரத்தை ஓரளவு தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் சீட்டுக்கட்டு வீடுபோல வரிசையாகச் சாயும். இதை நொய் என்பது எப்படி? இறகுப்பனி என்றல்லவா சொல்ல வேண்டும்?

பனித்துகளின் மேல் மேகநீர் உறைந்து உருண்டையாக விழும் வகை ஒன்று உண்டு. அது ஜவ்வரிசிதான், வேறு பெயரே வேண்டாம். அதுவும் சில நாட்களுக்கு மெல்லிய அடுக்காக நின்று வேலை காட்டும். பகலில் உருகி இரவில் உறைந்த ஓடு வேறு. அதற்குப் 'பொருக்கு' இருக்கிறது. பொருக்கு தானே வலுவானது. அதன் மேலோ கீழோ ஒட்டி வளரும் மணிகளே சிக்கல்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடப் பெரியது. அடுக்கு வலுவற்றது என்பது பாதிச் செய்திதான். முறிவு ஓரிடத்தில் தொடங்கி நின்றுவிடுமா, சாய்வு முழுக்க ஓடுமா என்பதுதான் கேள்வி. அதற்குச் சொல் எங்கே?

———

நொய், ஜவ்வரிசி, போன வாரம் ஒருவர் சொன்ன 'சர்க்கரைப்பனி'. இது கலைச்சொல் பட்டியலா, மளிகைப் பட்டியலா?

———

மளிகைப் பட்டியல் என்றாலும் பரவாயில்லை. பனியைத் தொட்டறியாதவர்களுக்குத் தொட்ட பொருளின் பெயர்தான் உதவும்.

இறகுப்பனி, ஜவ்வரிசிப்பனி, தரையோரம் வளரும் வரிவரியான கிண்ணப்பனி ஆகியவை துகளின் பெயர்கள். நொய்யடுக்கு அந்த அடுக்கு செய்யும் வேலையின் பெயர். நொய்ம்மை என்ற பொருளிலேயே அது எல்லாவற்றையும் தாங்கும். 'புதைந்த இறகுப்பனி நொய்யடுக்காக இருக்கிறது' என்பதில் முரண் ஏதும் இல்லை. புதுப்பனிக்குள் இருக்கும் பலமற்ற அடுக்கு சில நாளில் தேறிவிடும். இறகுப்பனியும் மணிகளும் கிண்ணங்களும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தேறாது. இவற்றுக்கு 'நாட்பட்ட நொய்யடுக்கு' என்கிறேன். நாட்பட்ட நோய் என்று படித்தாலும் நட்டமில்லை.

பரவல் பற்றிய ஆட்சேபம் முழுக்கச் சரி. அதற்குப் 'பரவுமுறிவு', எதிர்ச்சொல் 'பரவாமுறிவு'. இந்த இரண்டும் ஏன் தனிச்சொல்லாக வேண்டும் என்பது நீள்தூண் சோதனையில் தெரியும். 2006 வாக்கில் சிமென்ஹோயிஸ், பிர்க்லண்டு இருவரும் வகுத்தது.

சாய்வுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் ஒரு பனித்தூணை நான்கு பக்கமும் பிரிக்க வேண்டும். பின்சுவரை முடிச்சுப் போட்ட கயிற்றாலோ நீண்ட ரம்பத்தாலோ நொய்யடுக்குக்குக் கீழ்வரை அறுக்க வேண்டும். அங்கே பத்து செ.மீ. அறுபடாமல் விட்டால் தூண் மலையோடு ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். மண்வாரியின் தகட்டை ஒரு முனையில் மட்டும் படுக்கவைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. கையைத் தன் எடையிலேயே விழவிட வேண்டும், குத்தக் கூடாது. முறிவு தொடங்கிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ 90 செ.மீ.யும் கடந்தால் பரவுமுறிவு. தகட்டுக்கு அடியில் மட்டும் முறிந்து நின்றால் பரவாமுறிவு. எந்தத் தட்டில் முறிந்தது என்பதைவிட, கடந்ததா இல்லையா என்பதற்கே மதிப்பு அதிகம். 25ஆம் தட்டில் பரவியது, 12ஆம் தட்டில் பரவாமல் நின்றதைவிட எனக்கு அதிக அச்சம் தரும்.

சோதனைக்கும் வரம்பு உண்டு, அதையும் சொல்லில் மறைக்கக் கூடாது. நொய்யடுக்கு ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தால் தட்டு அங்கே போய்ச் சேர்வதே அரிது. 'முறியவில்லை' என்ற விடைக்கு அங்கே பொருளே இல்லை. அங்கே ரம்பச் சோதனை: தூண் 30 செ.மீ. அகலம், மேல்நோக்கி நொய்யடுக்கு எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீளம். ரம்பத்தின் மொண்ணை முதுகால் நொய்யடுக்கை அடியிலிருந்து மேல்நோக்கி அறுக்க வேண்டும். பாதி நீளம் அறுபடுவதற்குள் முறிவு தானே ஓடி மறுமுனையைத் தொட்டால் பரவும் தன்மை இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, மேல்பனி மிகவும் மிருதுவாக இருந்தால் மண்வாரி அதை வெட்டிக்கொண்டு இறங்கும். அப்போதும் விடை செல்லாது. காற்று வாரிப்போன முகட்டில் தோண்டிவிட்டு, காற்று கொண்டுபோய்க் கொட்டிய மறுபக்கத்தைப் பற்றி முடிவு சொல்வதுதான் வழக்கமான பிழை.

சோதனை இல்லாமலே மலை சொல்லும் அடையாளங்களும் உண்டு: பக்கத்துச் சாய்வில் புதிய சரிவு, ஸ்கீ முனையிலிருந்து கண்ணாடிபோல் ஓடும் விரிசல், காலடியில் 'தொம்' என்று பனி மொத்தமாக அமிழ்வது. கடைசி ஒன்றுக்குப் பிறமொழிகளில் ஒலிக்குறிப்பே பெயர். நமக்குத் 'தொம்மமிழ்வு' போதும். தொம்மமிழ்வு கேட்டால் சோதனை தேவையில்லை. நொய்யடுக்கு ஏற்கெனவே முறிந்து பரவிவிட்டது, சாய்வு போதாததால் மட்டுமே நீங்கள் நிற்கிறீர்கள்.

தரையிலிருந்து மேல்பரப்பு வரை மொத்தப் பனிக்குப் 'பனியடுக்கம்' என்று எழுதி வருகிறேன். அடுக்கம் சங்கப் பாடல்களில் மலைப்பக்கம், பொருத்தம்தானே.

———

> 'பனியடுக்கம்' என்று எழுதி வருகிறேன்.

பொருத்தம்தான், ஆனால் அடுக்கு, அடுக்கம் இரண்டையும் ஒரே குறிப்பில் வைத்தால் கையெழுத்தில் குழம்பும். வானொலியில் கேட்டால் இன்னும் மோசம். ஒன்றை விடுங்கள். மொத்தத்துக்குப் 'பனியடுக்கம்' இருக்கட்டும். ஓர் அடுக்கைக் குறிப்பிடும்போது வெறும் 'அடுக்கு' என்று விடாமல் பொருக்கு, பாளம், நொய்யடுக்கு என்று வகையோடு எழுதினால் போதும்.

ஐரோப்பாவில் 1993 முதல் புழங்கும் ஐந்து நிலை அபாய அளவில் மூன்றாம் நிலைக்கு யாரோ 'நடுத்தர அபாயம்' என்று போட்டிருந்தார்கள். கூடவே கூடாது. ஐந்தில் மூன்று என்றதும் 'பரவாயில்லை' என்று கிளம்பிவிடுவார்கள். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறத்தாழப் பாதி மூன்றாம் நிலையில்தான் நேர்கிறது. நான்காம் நிலையில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நிலையும் முந்தையதைவிட ஒரு படி அல்ல, பல மடங்கு. 'குறைவு, மிதம், கணிசம், மிகுதி, அதிமிகுதி' என்பது என் வரிசை. கணிசம் எனக்கே பிடிக்கவில்லை. பணக்கணக்குப் போல ஒலிக்கிறது. 'கடுமை' பார்க்கலாமா?

———

'கடுமை' ஏற்கிறேன். சொற்கள் களத்தில் நிற்குமா என்று பார்க்க ஒரு மாதிரிக் குறிப்பு:

"வடகிழக்குச் சாய்வு, 34 பாகை. பனியடுக்கம் 140 செ.மீ. மேலே 45 செ.மீ. பாளம், ஒருவிரல் கடினம். அதன் கீழ் 2 செ.மீ. நொய்யடுக்கு, புதைந்த இறகுப்பனி, கைம்முட்டிக் கடினம். அதன் கீழ் பொருக்கு, பென்சில் கடினம். நீள்தூண்: 13ஆம் தட்டில் பரவுமுறிவு. வழியில் இருமுறை தொம்மமிழ்வு."

கடினத்தைக் கையால் அறியும் முறை தெரியாதவர்களுக்கு: குழியின் சுவரில் மெல்லிய, ஒரே அழுத்தத்தில் முதலில் கைம்முட்டி, பிறகு நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி. எது முதலில் உள்ளே போகிறதோ அதுவே பெயர். கடினமான பாளம், மிருதுவான நொய்யடுக்கு, மறுபடியும் கடினமான பொருக்கு: மூன்று வரியில் அபாயம் முழுவதும் வந்துவிட்டது.

———

குறிப்பு நன்று. ஒரே திருத்தம்: '13ஆம் தட்டு' என்பதோடு, அதே தட்டில் கடந்ததா, அடுத்ததிலா என்று எழுதுங்கள். அடைப்பில் '13/13' அல்லது '13/14'. குழியில் கை விறைத்துப்போய் எழுதுகிறவருக்கு அதுதான் வசதி. மேலும், பாளம் எத்தனை நாளில் சேர்ந்தது, காற்றால் வந்ததா என்பதும் வேண்டும். 'காற்றுப்பாளம்' என்று ஒரு சொல் சேர்த்தால் முடிந்தது.