எனக்கு உப்பு எவ்வளவு வேணும்?

மானாமதுரைக்காரி:
கல்யாணமாகி 23 வருஷம். மாமியாருக்கு பிரஷர். வந்த ரெண்டாம் வருஷத்துலேர்ந்தே குழம்புக்குக் கல்லுப்பு ரெண்டு சிட்டிகைதான். எங்கம்மா வீட்ல கைநிறைய அள்ளிப் போடுவாங்க. உப்பு தூக்கலா இருந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு நான்.

போன ஆடியில மாமியார் தவறிட்டாங்க. இனி யாருக்குக் குறைக்கணும்னு போன வாரம் புளிக்குழம்புக்கு அம்மா அளவுல போட்டேன். வாயில வைக்க முடியலை, அப்படிக் கரிக்குது. கொட்டிட்டு மாமியார் அளவுக்கே வச்சேன். சப்புன்னு இருந்துச்சு. மகன், "உனக்கு எப்படி வேணுமோ அப்படி வைம்மா"ங்கறான். அதுதாங்க தெரியலை! சேலைக்கு என்ன கலர் எடுக்கணும்னாலும் உள்ள அம்மா குரல்ல ஒண்ணு கேக்குது, மாமியார் குரல்ல ஒண்ணு. என்னோடது எது?

ரெண்டுசட்டி:
ரெண்டு சட்டியில வைங்க. இதுக்கு ஒரு கேள்வியா?

சத்துணவுக்காரர்:
உப்பைக் குறைச்சா ரெண்டு மூணு மாசத்துல நாக்கு அதுக்குப் பழகிடும். அம்மா வீட்டு ருசியும் அப்படிப் பழகினதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். அதனால தயவுசெஞ்சு கூட்டாதீங்க.

பழைய வாத்தியார்:
சார்லஸ் கூலினு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1902லயே இதை எழுதிட்டார். அடுத்தவங்க கண்ணுக்கு நாம எப்படித் தெரியறோம், நம்மைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு நாமளே கற்பனை பண்ணிக்கிறோம். அதுல வர்ற பெருமையும் கூச்சமும் சேர்ந்துதான் "நான்"ங்கறார். கற்பனைங்கறதைக் கவனிங்க. உப்பு கூடினா மாமியார் முகம் சுளிப்பாங்கன்னு நினைச்சுத்தானே அளந்தீங்க? நிஜமாவே சுளிச்சாங்களா?

மானாமதுரைக்காரி:
வாத்தியாரய்யா, ராத்திரி பூரா யோசிச்சேன். ஒருநாளும் சுளிச்சதில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டு நானாத்தான் குறைச்சேன். அவங்க ஒண்ணும் சொல்லாம பிசைஞ்சு சாப்பிட்டுப் போயிருவாங்க.

இன்னொண்ணு. காரியம் முடிஞ்சு அவங்க டிரங்குப் பெட்டியை ஒதுக்கினப்ப சேலைக்கு அடியில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ள உப்பு நாரத்தங்காய், பாதி காலி. அன்னைக்குக் கோபந்தான் வந்துச்சு. தூக்கிப் போடலை, அலமாரியில இருக்கு. இன்னைக்கு மோர்ச்சோத்துக்கு ஒரு துண்டு எடுத்து வச்சுக்கிட்டேன்.