டைல்யூஷனுக்குத் தமிழ்: நீர்த்தலா, விளாவலா?

ஒரத்தநாட்டுலேருந்து:
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள கால்நடை வகுப்புப் பாடக்குறிப்பு அச்சுக்குப் போகணும், ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டேன். ஒரு ஆளுக்குக் கனநீர் (சாதா ஹைட்ரஜனுக்குப் பதிலா டியூட்டீரியம்ங்கிற கனமான ஹைட்ரஜன் இருக்கிற தண்ணி) 30 கிராம் எடை போட்டுக் குடிக்கக் குடுத்து, மூணு நாலு மணி நேரம் விட்டு எச்சிலை எடுத்துப் பார்த்தா, டியூட்டீரியம் எவ்வளவு நீர்த்துப் போயிருக்குங்கிறதை வச்சு உடம்புல மொத்தம் எவ்வளவு தண்ணின்னு சொல்லிடலாம். கொழுப்புல தண்ணி கிட்டத்தட்ட இல்ல, கொழுப்பு நீங்கலா மத்த உடம்புல 73 சதவீதம் தண்ணி. 60 கிலோ ஆளுக்கு 33 கிலோ தண்ணின்னா 0.73-ஆல வகுத்தா 45 சொச்சம், மிச்சம் ஏறக்குறைய 15 கிலோ கொழுப்பு. மாட்டுக்கும் இதே வழிதான். 'உடல்நீர் நீர்த்தல் முறை'ன்னு போர்டுல எழுதினேன், "மாடு நீர் விடுறதை அளக்குறதா சார்"னு கேக்குறானுங்க. வேற சொல் குடுங்க.

மன்னார்குடிலேருந்து:
நீர்த்த அமிலம்னு பள்ளிக்கூடத்துல படிச்சுட்டுதானே வந்திருக்கானுங்க? இருக்கிற சொல்லை மாத்தி மாத்தித்தான் எந்தச் சொல்லும் நிக்க மாட்டேங்குது. பசங்க சிரிச்சா சிரிக்கட்டும், கொழுப்புன்னாலும்தான் சிரிப்பானுங்க.

திருவையாத்துலேருந்து:
தம்பி, நீர்த்துப்போச்சுன்னா நம்ம ஊருல வலு போச்சுன்னு அர்த்தம். வீட்டுலயே சொல் இருக்கே. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறப்ப அண்டாவுல கொதிக்கிற வெந்நிய வாளியில மொண்டு, பச்சத்தண்ணி ஊத்தி, அம்மா கைய விட்டுப் பார்த்து "இன்னும் ஒரு சொம்பு விளாவு"ம்பாங்க. விளாவல் முறை! சூடு எவ்வளவு குறைஞ்சுதுங்கிறதை வச்சு எவ்வளவு பச்சத்தண்ணி விழுந்துதுன்னு சொல்லலாமில்ல, அதேதான் இது. அதோட விளாவுக்கு அண்ணன் அளாவு. 'சிறுகை அளாவிய கூழ்'னு வள்ளுவர் சொன்னது. அளாவு, அளவு ரெண்டும் ஒரே வேர்ங்கிறது என் கட்சி. கலந்து அளக்குறதால 'அளவளாவல்'னே வச்சிடலாம்.

கும்பகோணத்துலேருந்து:
வாத்தியாரே, அளவளாவல்னா மாட்டுக்கிட்ட உக்காந்து கதை பேசுறதுன்னு நெனச்சுக்குவாங்க. நான் சொல்ல வந்தது வேற. எங்க தெருவுல பால்காரர் தண்ணி கலந்தா லாக்டோமீட்டர் காட்டிக்குடுக்கும். ஆனா அது அடர்த்தி பார்க்கிற வேலை, ஆளைத் தண்ணியில முக்கி எடை போட்டுக் கொழுப்பைக் கணக்குப் பண்ற முறைக்குத்தான் அது சொந்தம், ஏன்னா கொழுப்பு மிதக்கும், மத்தது முங்கும். இதுல இன்னொரு வேடிக்கை, ஏடு எடுத்துட்டுத் தண்ணி ஊத்துனா கருவி சரியாத்தான் காட்டும், காபி மட்டும் பல்லிளிக்கும்.

ஒரத்தநாட்டுலேருந்து:
பால் இருக்கட்டும் அண்ணே. விளாவல் எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா ஒண்ணு இடிக்குது. டியூட்டீரியம் தண்ணியோட மட்டும் நிக்கிறதில்ல, புரதத்துல இருக்கிற ஹைட்ரஜனோடவும் இடம் மாத்திக்கும், அதனால தண்ணி 4 சதவீதம் போல கூடுதலா காட்டும், 1.04-ஆல வகுத்துத்தான் சரி பண்றோம். டியூட்டீரியத்துக்குப் பதிலா ஆக்சிஜன்-18, அதாவது கனமான ஆக்சிஜன், இருக்கிற தண்ணி குடுத்தா 1 சதவீதம்தான். விளாவுறப்ப தண்ணி வாளிச் சுவருக்குள்ள போயிடுமா? மாட்டுல இன்னும் சிக்கல், ஒரு உம்பளச்சேரி மாட்டுக்கு அசைபோடுற வயித்துல கெடக்கிற தண்ணியே அத்தனை, அதுவும் கணக்குல வந்துடும்.

திருவையாத்துலேருந்து:
வாளியும் சூட்டைக் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும் தம்பி. சொல் அங்கயும் நிக்குது.

மன்னார்குடிலேருந்து:
இது நல்லா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா கொஸ்டின் பேப்பர்ல நீர்த்தல்னுதானே வரும்? விளாவல் எழுதுன பையனுக்கு மார்க் யாரு போடுறது?

ஒரத்தநாட்டுலேருந்து:
அச்சகத்துலேருந்து ரெண்டு தடவை போன் வந்துட்டுது. தலைப்புல 'நீர்த்தல் முறை', உள்ள முதல் பத்தியில 'அதாவது வெந்நீர் விளாவுவது போல'ன்னு போட்டு அனுப்பிட்டேன். மன்னிச்சுக்குங்க ஐயா.

கும்பகோணத்துலேருந்து:
சரி. அடுத்த வாரம் பயோஇம்பீடன்ஸுக்குத் தமிழ், அதான் உடம்புல லேசா மின்சாரம் விட்டுத் தண்ணியைக் கணக்குப் பண்றது.

திருவையாத்துலேருந்து:
'போல'ங்கிறதை எடுத்துடுங்க. அது உவமை இல்ல, அதுதான் சொல். அடுத்த பதிப்புலயாவது.