காற்றில் கரியமில வாயு ஒரே சீர். கடல் மட்டும் ஏன் திட்டுத் திட்டாகச் சூடாகிறது?

மறுகரை:
கரியமில வாயு உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் கலந்திருக்கிறது. கடல் மேற்பரப்போ இடத்துக்கு இடம் வேறு மாதிரிச் சூடாகிறது. கிரீன்லாந்துக்குத் தெற்கே அட்லாண்டிக்கில் ஒரு பெரிய திட்டு, நூறாண்டுக்கு முன்பிருந்ததைவிடக் குளிர்ந்தே இருக்கிறது. சராசரி உயர்ந்ததில் மனிதனுக்குப் பங்கு உண்டு, ஏற்கிறேன். இந்த வட்டார வேறுபாட்டையும் மனிதன் கணக்கில் எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அது கடலின் இயல்பான ஏற்ற இறக்கம்.

ஆழி:
வாயு சீராகப் பரவலாம். வெப்பத்தை வாங்கும் கடல் சீரானதல்லவே. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலைப் பாருங்கள். காற்று மேல்நீரை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப அடிநீர் மேலே ஏறுகிறது. பல நூற்றாண்டுகளாக வானத்தைப் பார்க்காத நீர் அது. மேலே வந்து, வெப்பத்தை வாங்கி, வடக்கே நகர்ந்து, மீண்டும் மூழ்கிவிடுகிறது. அங்கே மேற்பரப்பு மெதுவாகச் சூடாவதில் வியப்பில்லை.

தவிர, நாம் காற்றில் விட்டது கரியமில வாயு மட்டுமல்ல. நிலக்கரிப் புகையிலிருந்து உருவாகும் கந்தகத் துகள்கள் சில நாள்களில் மழையோடு இறங்கிவிடும். அதனால் அவை உலகெங்கும் பரவாமல், தொழில் நாடுகளுக்கு அருகிலுள்ள கடல்களின் மீதே அடர்ந்து நின்று வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. 1960, 70களில் வட அட்லாண்டிக் குளிர்ந்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டை.

மறுகரை:
சூடானாலும் மனிதன், குளிர்ந்தாலும் மனிதன் என்றால், அது தோற்கவே முடியாத வாதம். பசிபிக்கை எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கைவிடக் கிழக்கே அதிகம் சூடாகும் என்று பெரும்பாலான கணினி மாதிரிகள் காட்டின. 1980க்குப் பிறகு நடந்தது தலைகீழ். மேற்கு சூடானது, கிழக்கு அசையவில்லை, சில இடங்களில் குளிர்ந்தும் போனது. இதைச் சிறிய பிழை என்று ஒதுக்க முடியுமா?

கயல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பழைய கப்பல்களில் கித்தான் வாளியைக் கயிற்றில் இறக்கி, நீரை முகந்து, மேல்தளத்தில் வைத்து வெப்பமானியை விட்டார்கள். வாளியின் பக்கங்களில் நீர் கசிந்து ஆவியாகும். அளவைப் படிப்பதற்குள் நீர் குளிர்ந்துவிடும். பின்னாளில் இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுத்த நீரில் அளந்தார்கள். அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். கப்பல் போகாத கடல்களில் அளவே அரிது. நூறாண்டு வேறுபாட்டைப் பேசும் இருவரும் இதை நினைவில் வையுங்கள்.

ஆழி:
உண்மை, கயல். அந்தப் பிழைகளைத் திருத்திய பிறகும் சூடேற்றம் மறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுகரை, கிழக்குப் பசிபிக்கில் மாதிரிகள் தவறின, மறுக்கமாட்டேன். தோற்கவே முடியாத வாதம் என்பதைத்தான் மறுக்கிறேன். 2005இல் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் டிம் பார்னெட் குழு, 40 ஆண்டுகளில் வெப்பம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று ஒவ்வொரு கடலாகப் பார்த்தது. வட அட்லாண்டிக்கில் ஆழமாக இறங்கியிருந்தது. வட பசிபிக்கில் மேலடுக்கோடு நின்றிருந்தது. சூரியன், எரிமலை, இயல்பான அலைவு ஆகியவற்றால் இதை விளக்க முடியவில்லை. மனிதன் விட்டவற்றைச் சேர்த்தபோது, கடலுக்குக் கடல் மாறும் அந்த வடிவமே பொருந்தி வந்தது. பொருந்தாமலும் போயிருக்கலாம் அல்லவா?

மறுகரை:
நல்ல சான்று; ஆனால் அது ஆழத்துக்கு. நாம் பேசுவது மேற்பரப்பு. கிரீன்லாந்துத் திட்டுக்கு, தெற்கிலிருந்து வெப்பநீரைக் கொண்டுவரும் அட்லாண்டிக் நீரோட்டம் தளர்ந்ததைக் காரணம் சொல்கிறார்கள். அந்த ஓட்டத்தை 26 பாகை வட அட்சரேகையில் தொடர்ந்து நேரடியாக அளப்பதே 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய தளர்ச்சியை அந்தத் திட்டின் குளிர்ச்சியை வைத்தே ஊகித்துவிட்டு, அந்த ஊகத்தால் குளிர்ச்சியை விளக்கினால் எப்படி ஏற்பது?

ஆழி:
மேற்பரப்புக்கே ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக உச்சவரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைந்தது. கப்பல் புகையின் கந்தகத் துகள்களால் கப்பல்களின் பின்னே கோடு கோடாக உருவாகும் மேகங்கள் செயற்கைக்கோள் படங்களில் குறைந்துவிட்டன. நான் சொல்வது சரியென்றால், கப்பல் நெரிசல் மிகுந்த வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் வெயில் கூடுதலாக இறங்க வேண்டும். தென்பெருங்கடலில் அந்த மாற்றம் தெரியக் கூடாது. அப்படி இல்லையென்றால் துகள் பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

மறுகரை:
அந்த அளவுகோலுக்கு உடன்படுகிறேன். கிழக்குப் பசிபிக்கை மட்டும் விடமாட்டேன்.