வேலைக்காகத் தினமும் ஓட்டுகிற சொந்த காருக்கு சாதாரண இன்சூரன்ஸ் போதுமா?

திருப்பூர் மெர்ச்சன்டைசர்:
வணக்கங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். காலையில் டையிங், அப்புறம் பிரிண்டிங், காம்பாக்டிங், பொழுதோட ஊத்துக்குளிப் பக்கம் ஜாப் ஒர்க் யூனிட் என்று தினமும் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடுகிறது. வண்டி அப்பா பெயரில் இருக்கிற வெள்ளை போர்டு கார். கிலோமீட்டர் கணக்குப் போட்டு கம்பெனி பெட்ரோல் காசு கொடுக்கும். டிக்கியில் எப்போதும் சாம்பிள் பீஸ் இருக்கும், ஷிப்மென்ட் அவசரம் என்றால் நாலைந்து ரோல் துணியைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டும் போயிருக்கிறேன்.

வேலைக்கு ஓட்டுகிற வண்டிக்கு சாதாரண பாலிசி செல்லாது, அடிபட்டால் ஒரு பைசா வராது என்று கூட வேலை பார்க்கிறவர் சொல்கிறார். பாலிசி போட்டுக்கொடுத்தவரிடம் கேட்டால் அதெல்லாம் ஒன்றும் ஆகாதுங்க என்று போனை வைத்துவிட்டார். அடுத்த மாதம் ரெனிவல். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள், பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஈரோடு பாலிசிக்காரர்:
தம்பி, பதினாலு வருசமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர் சொன்னது பாதி சரி, பாதி தப்புங்க. பாலிசித் தாளை எடுத்து 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்', அதாவது வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்கிற வரம்பு பற்றிய பத்தியைப் படியுங்க. வாடகைக்கு ஓட்டக்கூடாது, சரக்கு ஏற்றக்கூடாது, ரேஸ் விடக்கூடாது, வண்டி வாங்கி விற்கிற தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அதில் இருக்கும். வேலை விஷயமாகப் போகக்கூடாது என்று எங்கேயும் இருக்காது. சரக்கு என்கிற இடத்திலேயே 'சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர' என்றும் போட்டிருப்பார்கள். ஆக உங்கள் சாம்பிள் பீஸுக்குத் தடை இல்லை. பெட்ரோல் காசும் நீங்கள் செலவழித்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான், ஆளை ஏற்றி வாங்குகிற வாடகை இல்லை. இருந்தாலும் இரண்டையும் எழுதி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்க, வாய்ப்பேச்சு கிளெயிம் நேரத்தில் உதவாது.

துணி ரோல்தான் சிக்கல். அது சாம்பிள் இல்லை, சரக்கு. நாலு ரோலானாலும் அப்படித்தான்.

இன்னொன்று, தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கான பாலிசி மட்டும் போட்டிருந்தால் காரில் கூட வருகிறவர்களுக்கு அடிபட்டால் அதில் வராது. அதோடு நம் வண்டிச் சேதமும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியா என்று பாருங்க.

சென்னிமலை தறி:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேங்க. சொந்த காரில் பெட்ஷீட் பண்டல் ஏற்றிக்கொண்டு பெருந்துறை போகிற வழியில் லாரி இடித்து முன்பக்கம் மொத்தமும் போச்சு. சர்வேயர் எடுத்த போட்டோவில் பண்டல் அப்படியே தெரிந்தது. பிரைவேட் காரில் சரக்கு ஏற்றியதால் கிளெயிம் இல்லை என்று ஒரே கடிதத்தில் முடித்துவிட்டார்கள். இரண்டு மாசம் தூக்கம் இல்லை. அப்புறம் பவானியில் ஒரு வக்கீல்தான் வழி சொன்னார். பயன்பாட்டு விதியை மீறியிருந்தாலும் கிளெயிமை அடியோடு தள்ளக்கூடாது, 'நான் ஸ்டாண்டர்ட்' முறையில், அதாவது குறைத்துக் கொடுக்கிற கிளெயிமாக, 75 சதவீதம் வரை பார்க்கலாம் என்கிற வழிகாட்டுதலை வைத்து உச்ச நீதிமன்றம் 2010ல் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டி எழுதினேன், பதில் இல்லை. 30 நாள் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற சென்னை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனுக்குப் போனேன், அதற்குக் கட்டணமும் இல்லை வக்கீலும் தேவையில்லை. கடைசியில் முக்கால் பங்கு வந்தது. மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருசத்துக்குள் போக வேண்டும், இதை மறந்துவிடாதீங்க. அதற்குப் பின் சரக்கு எல்லாம் குட்டியானையில்தான் போகிறது.

பீளமேடு மஞ்சபோர்டு:
கேள்விக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரு விஷயம். நம் பக்கம் நிறைய பேர் வெள்ளை போர்டு காரை மாச வாடகைக்கு கம்பெனிக்கு விடுகிறார்கள், துணி வாங்க வருகிற பையரை ஏர்போர்ட்டில் இருந்து கூட்டி வருகிறார்கள். அது சுத்தமான வாடகை. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் அபராதமே 10,000 ரூபாய், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. ஆள் அடிபட்டுவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் வண்டிக்காரரிடமே வசூல் பண்ணலாம், காட்டை விற்றுக் கட்ட வேண்டியதுதான். தயவுசெய்து மஞ்சபோர்டுக்கு மாற்றிவிடுங்க. லைசென்ஸ் பற்றி பயம் வேண்டாம், 7,500 கிலோவுக்குள் உள்ள டாக்சியை சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

திருப்பூர் மெர்ச்சன்டைசர்:
ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். இப்போதுதான் தாளை எடுத்துப் பார்த்தேன், பேக்கேஜ்தான். ஓனர் டிரைவருக்கு 15 லட்சம் என்றும் போட்டிருக்கிறது. அப்போ எனக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு அது வருங்களா?

ஈரோடு பாலிசிக்காரர்:
வராது தம்பி. இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நான் விட்டுவிட்டேன். அந்த 15 லட்சம் ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவருக்குத்தான். அப்பா ஓட்டினால் அப்பாவுக்கு உண்டு, நீங்கள் ஓட்டினால் உங்களுக்கு இல்லை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற ஆளுக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது பாருங்க, இதுதான் எனக்கு ரொம்பக் கவலை.

வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றலாம், ஆனால் கிளெயிம் வாங்காத வருசங்களுக்காக அப்பா சேர்த்து வைத்த பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளெயிம் போனஸ், உங்களுக்கு வராது. 50 சதவீதத்தில் இருந்தால் பிரீமியம் நன்றாகவே ஏறும். அதைவிட உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுங்க. எல்லாக் கம்பெனியும் விற்கிற 'சரள் சுரக்ஷா பீமா' இரண்டரை லட்சத்தில் ஆரம்பித்து ஒரு கோடி வரை உண்டு. பைக்கில் போனாலும் நடந்து போனாலும் அது கூடவே வரும். அப்புறம் ஹெச்.ஆரிடம் குரூப் ஆக்சிடென்ட் பாலிசி இருக்கிறதா என்று கேளுங்க, அவர்கள் வேலைக்குத்தானே ஓடுகிறீர்கள்.

திருப்பூர் மெர்ச்சன்டைசர்:
ரெனிவலுக்குக் காத்திருக்காமல் விபத்துப் பாலிசியை இந்த வாரமே எடுத்துவிடுகிறேங்க. ரோல் துணிக்கு இனிமேல் கம்பெனி வண்டி கேட்டு மேனேஜருக்கு மெயில் போட்டாச்சு, பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.