ஸ்லோ குக்கர்ல இத்தாலியன் சிக்கன் ஸ்டூ: தண்ணியா நிக்குது, கறி சக்கையாகுது, யாராவது வழி சொல்லுங்க

தக்காளிச்சாறு (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். இத்தாலில கச்சியத்தோரேன்னு செய்வாங்கள்ல, வேட்டைக்காரங்க பாணின்னு அர்த்தம், தக்காளி, ரோஸ்மேரி, வைன் எல்லாம் போட்டு நிதானமா வேக வைக்கிற சிக்கன், அந்த ருசியை ஸ்லோ குக்கர்ல (பல மணி நேரம் மெதுவா வேக வைக்கிற கரண்ட் பாத்திரம்) கொண்டு வரணும்னு ரொம்ப ஆசை. நான் போடுறது இதுதான்: எலும்பில்லாத சிக்கன் பிரெஸ்ட் (நெஞ்சுக்கறி) ஒரு கிலோ, 400 கிராம் தக்காளி டின் ரெண்டு, ஸ்டாக் (எலும்பு, காய்கறி வேக வச்சு வடிச்ச சாறு) ரெண்டு கப், ஒயிட் வைன் அரை கப், வெங்காயம், கேரட், செலரி, உருளைக்கிழங்கு, பூண்டு, ஆலிவ். எல்லாத்தையும் பச்சையாவே உள்ள போட்டு லோல, அதாவது குறைஞ்ச சூட்டு செட்டிங்ல, 8 மணி நேரம். மூடியைத் தொறந்தா மேல சிவப்பா தண்ணி நிக்குது, கறி நார்நாரா பிரிஞ்சு வாயில போட்டா சக்கை, உருளைக்கிழங்கு நடுவுல நறுக்குன்னு இருக்கு, வைன் வாடை வேற போகவே மாட்டேங்குது. எங்க பிடிச்சு எங்க சரி பண்றதுன்னே தெரியல, செஞ்சு பழகினவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நிதானம்:
முதல்ல தண்ணி விஷயம். அடுப்புல செய்யுற ரெசிபியை அளவு மாத்தாம ஸ்லோ குக்கர்ல போட்டா இதான் ஆகும் சகோ. மூடி போட்டே இருக்கிறதால ஆவி மேல போய் மூடில பட்டு திரும்ப உள்ளயே சொட்டும், எதுவும் வத்தாது, அது போதாதுன்னு சிக்கனும் காய்கறியும் தன் பங்குக்கு தண்ணி விடும். உங்க அளவுக்கு ஸ்டாக் அரை கப் தாராளம், தக்காளி டின் ஒண்ணு போதும், ரெண்டாவது டின்னுக்கு பதிலா தக்காளி பேஸ்ட் ரெண்டு மூணு ஸ்பூன் எண்ணெயில நல்லா செங்கல் நிறம் வர்ற வரைக்கும் வதக்கிப் போடுங்க, புளிப்பு அடங்கி ருசி ஆழமா வரும்.

மெதுஅனல்:
கறி சக்கையாகுறதுக்கு காரணம் பிரெஸ்ட்தாங்க. சிக்கன் உள்ள 74 டிகிரி செல்சியஸ் வந்தாலே வெந்தாச்சு, பிரெஸ்ட் அதைத் தாண்டிப் போகப் போக சாறெல்லாம் வெளிய விட்டுடும். பெரும்பாலான மாடல்கள்ல லோ, ஹை ரெண்டும் கடைசில கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் போய் நிக்கும், ஹை சீக்கிரம் போகும், லோ மெதுவா போகும், அவ்ளோதான். அதனால லோலதானே வச்சிருக்கோம்னு 8 மணி நேரம் பிரெஸ்டை விடக்கூடாது.

தொடைக்கறிக்கு மாறுங்க, எலும்போட இருந்தா இன்னும் நல்லது. அதுல இருக்கிற கொலாஜன்ங்கிற புரதம் மெதுவா கரைஞ்சு ஜெலட்டினா மாறும், கறியும் மெத்துனு இருக்கும் சாறும் தன்னால கொழகொழன்னு கெட்டியாகும். லோல 5லேர்ந்து 6 மணி நேரம், ஹைல 3 மணி நேரம் கிட்ட. தோலை எடுத்துடுங்க, ஈரத்துல வெந்தா ரப்பர் மாதிரி ஆயிடும். பிரெஸ்ட்தான் வேணும்னா லோல 3 மணி நேரம் ஆனதுமே தெர்மாமீட்டர் குத்திப் பாருங்க.

நிதானம்:
மேல சொன்னது அத்தனையும் சரி, ஆனா என்னைக் கேட்டா இதுல ரொம்ப முக்கியம் பேன்ல பண்ற வேலை. எல்லாத்தையும் பச்சையா போடுறதுதான் ஸ்லோ குக்கரோட வசதின்னு நிறைய பேர் சொல்றாங்க, இந்த ஐட்டத்துக்கு நான் அதை ஒத்துக்கவே மாட்டேன். கறி செவக்கறதுக்கு 140 டிகிரி கிட்ட சூடு வேணும், குக்கருக்குள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் 100ஐ தாண்டாது, அப்போ அந்த வறுத்த வாசனை எங்கேர்ந்து வரும்? கறியை ஈரம் போகத் துடைச்சு ஆலிவ் ஆயில்ல ரெண்டு பக்கமும் செவக்க விட்டு எடுத்து வைங்க, அதே பேன்ல பொடியா நறுக்கின வெங்காயம், கேரட், செலரி போட்டு சின்ன தீயில வதக்குங்க, இதைத்தான் அவங்க சொஃப்ரித்தோங்கிறாங்க, பாதி ருசி இதுலதான் இருக்கு. அப்புறம் வைனை ஊத்தி அடியில ஒட்டினதை சுரண்டிக்கிட்டே பாதியா வத்துற வரைக்கும் கொதிக்க விடுங்க. மூடின குக்கர்ல ஆல்கஹால் வெளிய போக வழி ரொம்ப கம்மி, உங்களுக்கு வாடை நின்னதுக்கு அதான் காரணம்.

தக்காளிச்சாறு:
ரொம்ப நன்றிங்க, இப்போதான் புரியுது. உருளைக்கிழங்கு மட்டும் ஏன் வேகலைன்னு யாரும் சொல்லலையே? அப்புறம் அதுக்கு பதிலா வெள்ளை பீன்ஸ் போடலாமா, காஞ்சது கையில இருக்கு, நேரா போடலாமா?

மெதுஅனல்:
உருளைக்கிழங்கை எங்க வச்சீங்க? மேல வச்சிருந்தா அதான் காரணம், சூடு வர்றது அடியிலயும் பக்கத்துலயும்தான், கிழங்கு, கேரட் எல்லாம் அடியில போகணும், கறி மேல. தக்காளியோட புளிப்பும் காய்கறியை சீக்கிரம் குழைய விடாது, அதனால சின்னத் துண்டா வெட்டுங்க. நடுவுல மூடியைத் தொறந்து தொறந்து பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் போன சூடு திரும்ப ஏற 20 நிமிஷம் கிட்ட ஆகும்.

காஞ்ச பீன்ஸை நேரா போடவே போடாதீங்க, இதை எல்லாரும் கவனிங்க. வேகாத கிட்னி பீன்ஸ் வகைகள்ல லெக்டின்னு ஒரு நச்சு இருக்கு, சிவப்புல ரொம்ப அதிகம், வெள்ளையில குறைவு ஆனா இருக்கு, ஸ்லோ குக்கரோட சூட்டுல அது அழியாம போகலாம், வாந்தி பேதி ஆயிடும். ராத்திரி பூரா ஊற வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில அடுப்புல 30 நிமிஷம் தளதளன்னு கொதிக்க வச்சு அப்புறம் சேருங்க. டின் பீன்ஸ்னா ஏற்கனவே வெந்தது, கழுவிட்டு கடைசி அரை மணி நேரத்துல போட்டா போதும். ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த உறைஞ்ச சிக்கனையும் அப்படியே போடக்கூடாது, சூடு ஏற லேட்டாகி கிருமி பெருக இடம் கொடுத்துடும்.

தக்காளிச்சாறு:
தொடைக்கறி, அரை கப் ஸ்டாக், வறுத்து வதக்கி, கிழங்கு அடியில, அப்படியே செஞ்சேன். கறி எலும்பை விட்டு வழுக்கி வருது, வைன் வாடை இல்ல, கிழங்கும் வெந்துடுச்சு!! மனசு நிறைஞ்சு போச்சு. சாறு மட்டும் இன்னும் கொஞ்சம் இளகலா இருக்கு, உப்பும் ஒரு பொட்டு தூக்கல். கார்ன்ஃப்ளார் கரைச்சு ஊத்தலாமா?

நிதானம்:
ஊத்தலாம், ஆனா தக்காளி ருசி மங்கிடும், எனக்கு அது பிடிக்காது. ரெண்டு கிழங்கை இல்ல ஒரு கைப்பிடி பீன்ஸை மசிச்சு கலந்துடுங்க. உப்பு தூக்கலானது ஆலிவ்னாலதான், முதல்லயே போட்டா அதுல இருக்கிற உப்பெல்லாம் சாறுல இறங்கிடும், கடைசி 20 நிமிஷத்துல கழுவிட்டுப் போடுங்க, கேப்பர் (உப்புல ஊற வச்ச சின்ன பூ மொட்டு) போட்டாலும் அப்படித்தான். காஞ்ச ஆரிகானோ, ரோஸ்மேரி ஆரம்பத்துல போடலாம், பச்சை பேசிலும் பார்ஸ்லியும் ஆஃப் பண்ணினப்புறம்தான்.

தக்காளிச்சாறு:
மிச்சத்தை நாளைக்கு அதே குக்கர்ல சூடு பண்ணிக்கலாமா?

மெதுஅனல்:
வேணாங்க. 2 மணி நேரத்துக்குள்ள ஆழமில்லாத டப்பால மாத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் அடுப்புல நல்லா கொதி வர்ற வரைக்கும் சூடு பண்ணுங்க. சாறு வேற கொஞ்சம் வத்தி நீங்க கேட்ட பதத்துக்கு வந்துடும்.