பத்து ஆராங்: நிலக்கரியால் பிறந்த ஊர் ஏன் வளராமல் நின்றது?

கேள்வி: ரவாங் பேரன்

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா 1950களில், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்து ஆராங் சுரங்கத்தில், தரைக்கு மேலே, நிலக்கரி ஏற்றும் வண்டிகளை இணைக்கும் வேலையில் இருந்தவர். வேலையை விட்டு வந்தபோது கைக்குள் அடங்கும் ஒரு கரிக்கட்டியைக் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். என் சிறுவயதில் அதில் விரிசல்கள் ஓடியிருந்தாலும் கட்டி முழுதாகவே இருந்தது. சென்ற மாதம் டின்னைத் திறந்தபோது, மெல்லிய சில்லுகளும் விரலில் ஒட்டும் கரும்பொடியும்தான் மிஞ்சியிருந்தன. யாரும் அதைத் தொட்டதில்லை.

அதன் பிறகு மனம் கேட்காமல் ஊரையும் பார்த்து வந்தேன். செங்கற்சூளையின் உயர்ந்த புகைபோக்கி, புதர் மூடிய சுவர்கள், தாழ்வான கடைவரிசை, ஓர் ஏரி ஆகியவற்றைத் தவிர அங்கே ஒரு பெரிய சுரங்கம் இருந்ததற்கான அடையாளம் என் கண்ணில் அதிகம் படவில்லை. அருகிலிருக்கும் ரவாங் இவ்வளவு பெருத்துவிட்ட நிலையில் பத்து ஆராங் மட்டும் ஏன் இப்படி நின்றுவிட்டது? அங்கே சுரங்கம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: சிலாங்கூர்வாசி

நண்பரே, பெயரிலிருந்தே தொடங்குகிறேன். நம் காதுக்கு ஓர் எண்ணாக ஒலிக்கும் ‘பத்து’ என்பது மலாய் மொழியில் கல். ‘ஆராங்’ என்பது கரி. கரிக்கல் கிடைத்த இடமே ஊரின் பெயராகிவிட்டது. 1908ஆம் ஆண்டளவில் இங்கே நிலக்கரி இருப்பது தெரியவந்தது. அன்றைய மலாய் மாநிலங்களின் ரயில்களும் ஈயச் சுரங்க இயந்திரங்களும் விறகையும் கடல் கடந்து வந்த கரியையும் நம்பியிருந்த காலம் அது. கோலாலம்பூருக்கு வடமேற்கே, ஒரு பகலுக்குள் போய்வரக்கூடிய தொலைவில் உள்நாட்டுக் கரி கிடைத்தது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர் 1913இல் ‘மலாயன் காலியரீஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 1915 முதல் கரி வெளிவந்தது. பின்னாளில் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை உருவாக்கியவரும் இவரே. குவாங்கில் பிரதான ரயில் பாதையிலிருந்து ஒரு கிளைப்பாதை பத்து ஆராங்கிற்குப் போடப்பட்டது. உங்கள் தாத்தா இணைத்த வண்டிகள் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ரயில்வேதான் முதன்மையான வாடிக்கையாளர். பங்சாரில் இருந்த மின் நிலையமும் இந்தக் கரியையே எரித்துக் கோலாலம்பூருக்கு வெளிச்சம் கொடுத்தது. 1940இல் மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல் வெட்டியெடுக்கப்பட்டது. நீங்கள் பார்த்த புகைபோக்கி, கரியோடு நிறுவனம் நடத்திய செங்கல் தொழிலின் மிச்சம். ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையும் அங்கே இருந்தது.

பதில் 2: பாறை படிப்பவன்

தாத்தாவின் கட்டி நொறுங்கியதற்கான காரணத்தை நான் சொல்கிறேன். அந்தக் காரணம் ஊரின் கதையிலும் பெரும் பங்கு வகிப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பத்து ஆராங் கரி மிகப் பழையதல்ல. இங்கிலாந்து, ஜார்க்கண்ட் போன்ற இடங்களின் கரி சுமார் 30 கோடி ஆண்டு வயதை ஒட்டியது; இது ஏறத்தாழ 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஏரியும் சதுப்பும் நிறைந்த ஒரு சிறு படுகையில் மக்கிய தாவரங்களிலிருந்து உருவானது. போதிய அழுத்தமும் வெப்பமும் படாததால், கரிக்குள் ஈரம் நிறைய தங்கிவிட்டது. வெளியே எடுத்தவுடன் அந்த ஈரம் காய, கட்டி சுருங்கி, வெடித்து, சில்லுசில்லாக உதிர்கிறது. டின்னுக்குள் அடைத்து வைத்ததால் உங்கள் கட்டி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறது என்பதே வியப்பு.

இதே கரி குவியலாகக் கிடந்தால் உடைந்த பரப்புகளில் காற்று பட்டு, மெல்லச் சூடேறி, யாரும் தீ வைக்காமலே புகையத் தொடங்கும். இப்படிப்பட்ட கரியை மாதக்கணக்கில் சேமிப்பதும் தூர தேசங்களுக்குக் கப்பலேற்றுவதும் கடினம். ஆகவே அது தன் பக்கத்திலிருக்கும் வாடிக்கையாளரையே நம்பி வாழ வேண்டியிருந்தது. அந்த வாடிக்கையாளர் கைவிட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

மேற்பரப்பை ஒட்டிக் கரி கிடந்த இடங்களில் திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டினார்கள். படிவுகள் சரிந்து இறங்கிய இடங்களில் நிலத்தடி வழிகள் அமைத்தார்கள். திறந்த பள்ளங்களில் பின்பு மழைநீர் நிறைந்து ஏரிகளாயின.

பதில் 3: பழைய தொழிற்சங்கக்காரன்

மேலே உள்ள இரு பதில்களிலும் தொழிலாளர்களைக் காணாததால் இதை எழுதுகிறேன். சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். இந்தியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவானியர்களும் இருந்தார்கள். பலரை நிறுவனம் நேரடியாக அமர்த்தவில்லை, குத்தகைக்காரர்கள் வழியாக அமர்த்தியது. கூலி அவர்கள் கையைக் கடந்தே தொழிலாளியை அடைந்தது. தோட்டங்களில் கங்காணிகளை அறிந்த நம் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1936 நவம்பரில் வேலைநிறுத்தம் வெடித்தது. 1937 மார்ச்சில் மீண்டும் வேலையை நிறுத்திய 5,000க்கும் மேற்பட்டோர் சுரங்கத்தைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டு, சில நாட்கள் தாங்களே குழு அமைத்து ஊரை நடத்தினார்கள். கூலி உயர்வும் குத்தகை முறை ஒழிப்பும் அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகள். மார்ச் 27 அன்று போலீசார் பெருந்திரளாக உள்ளே நுழைந்து போராட்டத்தை அடக்கினர். ரயிலும் மின்சாரமும் ஒரே சுரங்கத்தின் கரியில் ஓடிய நாட்டில், அந்தச் சுரங்கம் நின்றால் என்ன ஆகும் என்பதை அரசும் தொழிலாளர்களும் ஒருசேர உணர்ந்த நாட்கள் அவை. மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் அமைதி வரவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு ஒரு மாதத்துக்குள், ஜூலை 13 அன்று, கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இந்தச் சுரங்கத்தைத் தாக்கினார்கள். உங்கள் தாத்தா வேலை பார்த்த காலமே முள்வேலியும் ஊரடங்கும் நிறைந்த காலம்.

ரவாங் பேரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் கட்டியைத் தாத்தா வெயில் படாமல் வைக்கச் சொன்னதை அவருடைய பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். கரியின் குணம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார் என்று இப்போது விளங்குகிறது. மூடிய பிறகும் ஊர் வளராததற்குக் காரணம் என்ன என்பது மட்டும் பாக்கி.

பதில் 4: சிலாங்கூர்வாசி

பாறை படிப்பவன் சொன்ன அந்த வாடிக்கையாளர் கைவிட்டதுதான் நடந்தது. 1950களில் ரயில்வே எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறியது. மின் நிலையங்களும் எண்ணெயைத் தேடின. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை சுமார் ஒன்றரைக் கோடி டன் கரி வெளியே போயிருந்தது. வேலை போனதும் குடும்பங்கள் வேறு ஊர்களுக்குப் பெயர்ந்தன.

மிஞ்சியவர்கள் கட்ட நினைத்தாலும் தரை இடம் கொடுக்கவில்லை. கரியை எடுத்த பின் விட்டுப்போன நிலத்தடி வழிகள் ஊருக்கு அடியில் பல திசைகளில் கிடப்பதால், மண் உள்வாங்கும் அபாயம் இருக்கிறது. அதனால் அங்கே உயரமான கட்டடங்கள் எழும்பவில்லை. ரவாங்கில் அடுக்குமாடிகள் எழுந்த ஆண்டுகளிலும் பத்து ஆராங்கில் கடைவரிசை தாழ்ந்தே இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். மறுமுறை போகும்போது செங்கற்சூளைப் பக்கம் புதருக்குள் தனியாக இறங்க வேண்டாம். ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தத் திடலுக்கு அடியில் குழி இருக்கிறது என்பதை அவர்கள் காலால் அறிந்தவர்கள்.