போலீஸ் காதல் நாவல் சொல்லுங்களேன்

வணக்கம் தோழமைகளே. காதலும் துப்பறிதலும் கலந்த போலீஸ் கதைகள் தேடுகிறேன். முடிந்த கதையாக இருந்தால் நல்லது. பாதியில் நின்ற தொடர்களில் மாட்டிக்கொண்டு கொலையாளி யாரென்று தெரியாமலே இரண்டு முறை தவித்தாயிற்று.

இதுவரை படித்தவற்றில் நாயகன் எப்போதும் ஏசிபி (உதவி கமிஷனர்), ஆறடி உயரம், கூலிங் கிளாஸ். சின்ன ஊர்க் கதையிலும் ஏசிபிதான்! கமிஷனர் அலுவலகம் இருக்கும் மாநகரங்களில்தானே அந்தப் பதவி? மாவட்டத்தில் டிஎஸ்பி அல்லவா? அப்புறம், சந்தேகப்பட்டவரை ஒரு வாரம் பண்ணை வீட்டில் அடைத்து வைத்து விசாரிப்பார். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அதைக்கூட மன்னித்துவிடுவேன். நாயகியை அறைந்துவிட்டு அதைக் காதல் என்று சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்கு வேண்டியது நாயகியே எஸ்ஐயாக வரும் கதை. சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது 1992இல். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு ஸ்டேஷனைக் களமாக வைத்து யாராவது எழுதியிருப்பார்கள்தானே? நைட் ரவுண்ட்ஸ், பந்தோபஸ்து, கிடைக்காத லீவு, இதற்கு நடுவே மெதுவாக முளைக்கும் காதல்.

ஆன்டி ஹீரோ, கட்டாயக் கல்யாணம் வேண்டாம். கொலையாளி யாரென்று மட்டும் கமெண்டில் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.